வளரும் வீட்டுக்கு எந்த நெட்வொர்க் சுவிட்ச்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட வரையில் முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரையில் உங்கள் வீட்டின் மேல் ஒரு மாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. பூச்சு வேலை இன்னும் தொடங்கவில்லை. கீழ்த்தளக் கூடத்தில் 300 மெகாபிட் ஃபைபர் இணைப்பும், அந்த ஃபைபரை வீட்டுக் கேபிள்களுடன் சேர்க்கும் ஓஎன்டி பெட்டியும் இருக்கின்றன. அதில் கேபிள் செருகும் துளைகளான நான்கு போர்ட்களும் நிரம்பிவிட்டன. இனி நான்கு கேமராக்களும், தளத்துக்கு ஒன்றாக வைஃபை அலையைப் பரப்பும் இரண்டு அக்சஸ் பாயின்ட்களும், திருமண வீடியோ எடிட் செய்யும் உங்கள் தம்பிக்காக ஒரு நாஸ் சேமிப்புப் பெட்டியும் வரவிருக்கின்றன. எட்டுப் போர்ட் போதுமா, 2.5 கிகாபிட் வேண்டுமா, கேபிளிலேயே மின்சாரமும் அனுப்பும் பிஓஇ அவசியமா, ‘மேனேஜ்டு’ வகைக்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் பல ஆண்டுகளாக வலையமைப்பு அமைத்துவருபவன் என்ற முறையில் விரிவாகவே பதில் சொல்கிறேன். பூச்சு முடிந்தபின் திருத்த முடியாத சில முடிவுகள் இதில் அடங்கியிருப்பதால், இதை இப்போதே பேசிவிடுவது நல்லது.

சுவிட்ச் வாங்கினால் இணைய வேகம் கூடும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது கூடாது. உங்களுக்கு வெளியிலிருந்து வருவது 300 மெகாபிட். எந்தச் சுவிட்ச் வைத்தாலும் அது 300 தான். வீட்டுக்குள் இருக்கும் சாதனங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பாதையைத்தான் சுவிட்ச் அமைத்துத் தருகிறது. ஒவ்வொரு போர்ட்டிலும் எந்தச் சாதனம் இருக்கிறது என்பதை அதன் முகவரியைக் கொண்டு கற்றுக்கொண்டு, வருகிற தகவலை உரிய போர்ட்டுக்கு மட்டும் அனுப்புகிறது. முன்பு பயன்பட்ட ஹப் எனும் கருவி வந்ததையெல்லாம் எல்லாப் போர்ட்டுக்கும் அனுப்பி நெரிசலை உண்டாக்கியது. இந்திய வம்சாவளியினரான வினோத் பரத்வாஜ் தம் மனைவியின் பெயரால் தொடங்கிய ‘கல்பனா’ என்ற அமெரிக்க நிறுவனம் 1990 வாக்கில் ஏழு போர்ட்கள் கொண்ட ஈதர்நெட் சுவிட்சைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1994-இல் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கிக்கொண்டது. இன்று நம் வீட்டு அலமாரியில் இருக்கும் சிறிய பெட்டி அந்த வழியில் வந்ததுதான் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் செய்தி.

ஆகவே, கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் வீட்டை வரைந்து, எந்தச் சாதனம் எதனுடன் அதிகம் பேசப்போகிறது என்று கோடு போட்டுப் பாருங்கள். தொலைக்காட்சிப் பெட்டி இணையத்துடன் பேசும். 4கே படத்துக்கும் 25 மெகாபிட் அளவே போதும். கேமரா நாஸ் பெட்டியுடன் பேசும். ஒவ்வொன்றும் ஒரு சில மெகாபிட், ஆனால் இரவு பகல் ஓயாமல். உங்கள் தம்பியின் கணினியும் நாஸ் பெட்டியுடன் பேசும். அது மட்டும்தான் உங்கள் வீட்டில் உண்மையிலேயே கனமான கோடு. இந்தப் படம் கண்ணில் பட்டுவிட்டால், உங்கள் நான்கு கேள்விகளில் இரண்டுக்குப் பதில் தானாகவே தெரிந்துவிடும்.

போர்ட் எண்ணிக்கையை முதலில் முடித்துவிடலாம். ஓஎன்டிக்கு ஒன்று, தொலைக்காட்சிக்கு ஒன்று, இரண்டு கணினிகளுக்கு இரண்டு, அக்சஸ் பாயின்ட்களுக்கு இரண்டு, கேமராக்களுக்கு நான்கு, நாஸுக்கு ஒன்று என இப்போதே பதினொன்று ஆகிவிடுகிறது. மாடியில் ஒரு தொலைக்காட்சியும், வாசலில் ஒரு வீடியோ அழைப்பு மணியும் பின்னால் வரத்தான் போகின்றன. எட்டுப் போர்ட் பெட்டி வாங்கினால் ஆறு மாதத்தில் அதன் வாலில் இன்னொரு பெட்டியைக் கட்டுவீர்கள். அப்படிக் கட்டும்போது இரண்டாவது பெட்டியில் உள்ள சாதனங்கள் அனைத்தும் ஒரே ஒரு கேபிள் வழியாகத்தான் முதல் பெட்டிக்கு வந்தாக வேண்டும். பதினாறு போர்ட் உள்ள ஒரே பெட்டியை, எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் ஓரிடத்தில் வைப்பதே உங்களுக்கு ஏற்றது.

ஓஎன்டியிலிருந்து சுவிட்சுக்குக் கேபிள் இழுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பல வீடுகளில் கொடுக்கப்பட்டிருக்கும் ஓஎன்டி பெட்டிகளில் எல்லா லேன் போர்ட்டும் ஒரே வேகம் கொண்டவை அல்ல; ஒன்று மட்டும் கிகாபிட்டாகவும் மற்றவை 100 மெகாபிட்டாகவும் இருக்கும். தவறான துளையில் செருகிவிட்டால், 300 மெகாபிட்டுக்குப் பணம் கட்டிக்கொண்டு வீடு முழுவதும் 95-க்குள் அடங்கிக் கிடக்கும். பெட்டியின் அடிப்பக்க ஒட்டுத்தாளையோ, அதன் நிர்வாகப் பக்கத்தையோ பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இப்போது வேகம். கிகாபிட் ஈதர்நெட் செப்புக் கேபிளுக்கென 1999-இல் தரப்படுத்தப்பட்டது. எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட் என்பதால், அதில் ஒரு கோப்பு நகர்வது நடைமுறையில் நொடிக்கு ஏறத்தாழ 118 மெகாபைட். 2016-இல் வந்த தரம் 2.5, 5 ஆகிய இரு வேகங்களைச் சேர்த்தது, 2.5 கிகாபிட் சாதாரண கேட் 5இ வகை வலையமைப்புக் கேபிளிலேயே 100 மீட்டர் வரை ஓடும். உங்கள் தம்பி ஒரு திருமணத்தின் 40 ஜிகாபைட் காட்சிகளை நாஸிலிருந்து எடுப்பதாக வைத்துக்கொள்வோம். கிகாபிட்டில் அதற்கு ஆறு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகும். 2.5 கிகாபிட்டில் இரண்டேகால் நிமிடத்தில் முடிய வேண்டும். ஆனால் நாஸில் இருப்பது ஒற்றைச் சுழல்வட்டாக (ஹார்டு டிஸ்க்) இருந்தால், அதன் வாசிப்பு வேகமே நொடிக்கு 180 மெகாபைட் போலத்தான் இருக்கும் என்பதால் நான்கு நிமிடத்துக்கு நெருக்கமாகவே ஆகும். அதாவது சுவிட்சுக்குக் கொடுக்கும் பணத்தின் முழுப் பலனும் கிடைக்க, வட்டும் அதற்கு ஈடாக இருக்க வேண்டும்.

இதற்காகப் பதினாறு போர்ட்டையும் 2.5 கிகாபிட்டில் வாங்குவது தேவையற்ற செலவு என்பது என் கருத்து. கேமராவுக்கும் தொலைக்காட்சிக்கும் அந்த வேகத்தால் ஒரு பயனும் இல்லை. மாறாக, இரண்டு 2.5 கிகாபிட் போர்ட் உள்ள நாஸ் பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு போர்ட்டைச் சுவிட்சில் செருகுங்கள். மற்றொன்றிலிருந்து தம்பியின் கணினிக்கு நேராக ஒரு கேபிள் இழுத்துவிடுங்கள். கணினியில் 2.5 கிகாபிட் போர்ட் இல்லையென்றால் யூஎஸ்பி வழியாகச் செருகும் அடாப்டர் கிடைக்கிறது. அந்தத் தனி இணைப்புக்கு வீட்டு வலையமைப்பில் இல்லாத வேறொரு ஐபி முகவரித் தொடரை இரு பக்கமும் கையால் எழுதிவிட்டு, கணினியில் நாஸ் கோப்புறையை அந்த முகவரியின் வழியாகத் திறந்தால் போதும். கனமான போக்குவரத்துக்குத் தனிச் சாலை அமைந்துவிடும். மற்றவர்களின் பாதையில் அது குறுக்கிடவே செய்யாது. நாளை எடிட் செய்யும் கணினிகள் மூன்றாகிவிட்டால், அப்போது ஐந்து போர்ட் கொண்ட ஒரு சிறு 2.5 கிகாபிட் சுவிட்சை அந்த இடத்தில் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

விளம்பர அட்டையில் ‘32 ஜிபிபிஎஸ் ஸ்விட்சிங் கெப்பாசிட்டி’ என்று பெரிதாக அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். பதினாறு போர்ட், இரு திசை, ஒவ்வொன்றும் ஒரு கிகாபிட் என்பதைப் பெருக்கினால் வருவதுதான் 32. இன்று விற்கும் கிகாபிட் சுவிட்சுகளில் பெரும்பாலும் எல்லாமே இதைத் தாங்கும்.

பிஓஇ பற்றி நீங்கள் ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் வீட்டைப் பொறுத்தவரை மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியமான முடிவு. ஈதர்நெட் கேபிளிலேயே மின்சாரத்தையும் சேர்த்து அனுப்புவது பிஓஇ. கேமராவுக்கு அருகே ஒரு பிளக் பாயின்ட், அதில் ஒரு அடாப்டர், அதை மழையிலிருந்து காக்க ஒரு பெட்டி என்ற தொல்லை முழுவதும் இதனால் ஒழிகிறது. 2003-இல் வந்த 802.3 ஏஎஃப் தரத்தில் சுவிட்ச் ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும். கேபிளில் இழப்பு போகச் சாதனத்துக்கு 12.95 வாட் உறுதி. 2009-இன் ஏடி தரத்தில் இது 30 வாட்டாகவும், சாதனத்தின் முனையில் 25.5 வாட்டாகவும் உயர்ந்தது. 2018-இன் பிடி தரம் இன்னும் மேலே போகிறது. வீட்டுக்கு அது வேண்டியதில்லை. கேமராவுக்கு ஏஎஃப் போதும். இன்றைய வைஃபை 6 அக்சஸ் பாயின்ட்களில் பல 13 வாட்டைத் தொடுவதால் அவற்றுக்கு ஏடி இருப்பது நல்லது.

ஆனால் ஒரு போர்ட் எவ்வளவு தரும் என்பதைவிட, எல்லாப் போர்ட்டும் சேர்ந்து எவ்வளவு தரும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். இதைப் பவர் பட்ஜெட் என்பார்கள். எட்டுப் போர்ட்டும் தலைக்கு 30 வாட் தரும் என்று எழுதியிருக்கும் பெட்டியின் மொத்த பட்ஜெட் 65 வாட்டாக இருக்கலாம். இரண்டும் பொய்யல்ல, ஒரே நேரத்தில் நடக்காது என்பதுதான் செய்தி. உங்கள் கணக்கைப் போடுங்கள். கேமராக்கள் பகலில் நான்கைந்து வாட்டில் ஓடும். இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும்போது ஏழு வாட் வரை போகும். நான்குக்கும் 28. அக்சஸ் பாயின்ட் இரண்டுக்கும் 26. மொத்தம் 54. இதற்கு மேல் கால் பங்காவது மிச்சம் வேண்டும் என்பதால் 68 வாட்டுக்குக் குறையக் கூடாது. அழைப்பு மணியும் இன்னொரு கேமராவும் வரும் என்பதை எண்ணி 110 வாட்டுக்கு மேல் பட்ஜெட் உள்ள பெட்டியாக வாங்குங்கள். பதினாறில் எட்டுப் போர்ட்டில் பிஓஇ இருந்தால் போதும்.

கேமரா விற்கும் கடைகளில் ‘8+2’ என்றொரு பிஓஇ சுவிட்சை எடுத்து நீட்டுவார்கள். விலை மிகவும் மலிவு. அதன் எட்டு பிஓஇ போர்ட்களும் பெரும்பாலும் 100 மெகாபிட் வேகம்தான். கிகாபிட் கிடைப்பது, அதை முதன்மைச் சுவிட்சுடனோ ஓஎன்டியுடனோ சேர்க்கும் மேலிணைப்புக்கான இரண்டில் மட்டுமே. கேமராக்களுக்கு அது முற்றிலும் போதுமானது. அக்சஸ் பாயின்ட்டை அதில் செருகினால் மாடியின் வைஃபை முழுவதும் 100-க்குள் சுருங்கிவிடும். இத்தகைய சில பெட்டிகளின் முகப்பில் ‘எக்ஸ்டெண்ட்’ என்றொரு சிறு தள்ளுவிசை இருக்கும். கேபிள் 250 மீட்டர் வரை செல்லும் என்று அதைக் காட்டி விற்பார்கள். அதைத் தள்ளியவுடன் வேகம் 10 மெகாபிட்டாகக் குறைந்துவிடும் என்பதை விளக்குபவர்கள் குறைவு. இன்னொன்றும் உண்டு: தரம் எதையும் பின்பற்றாமல், எதிர்முனையில் என்ன இருக்கிறது என்று விசாரிக்காமல் நேரடியாக 24 வோல்ட்டையோ 48 வோல்ட்டையோ கேபிளில் இறக்கிவிடும் பாசிவ் வகை. அதில் தெரியாமல் ஒரு மடிக்கணினியைச் செருகினால் அதன் போர்ட் கருகக்கூடும். பெட்டியின் மேல் ஏஎஃப் அல்லது ஏடி என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்த்தே வாங்குங்கள்.

கேபிளைப் பற்றிச் சொல்லாமல் பிஓஇ பற்றிப் பேசி முடிக்க முடியாது. ராஜபாளையத்தில் ஒரு வீட்டின் பின்வாசல் கேமரா, நாள்தோறும் மாலை ஆறேகால் மணி அளவில் அணைந்து அணைந்து எரியும். விடிந்ததும் தானாகச் சரியாகிவிடும். கேமராவை இரண்டு முறை மாற்றிவிட்டார்கள், சுவிட்சையும் ஒரு முறை மாற்றிவிட்டார்கள். நான் போய் முனையிலிருந்து ஒரு விரற்கடை கேபிளை வெட்டி, ஒரு கம்பியைப் பிளேடால் மெல்லச் சுரண்டினேன். மேலே செம்பின் சிவப்பு; அதன் கீழே வெள்ளி போல் வெளுத்த அலுமினியம். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி அது, சிசிஏ என்பார்கள். அலுமினியத்தின் கடத்துதிறன் செம்பினுடையதில் ஏறக்குறைய 60 சதவீதமே. பகலின் குறைந்த சுமையைத் தாங்கிய அந்த அறுபது மீட்டர் கம்பி, இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் மின்சாரத்தை இழுக்கும்போது தாங்க முடியாமல் மின்னழுத்தத்தைக் கீழே விட்டது. தூய செம்புக் கேபிளை இழுத்த அன்று மாலையே கேமரா நிலைத்து நின்றது. அந்த வீட்டுக்காரர் கேபிளில் மிச்சப்படுத்தியதைப்போலப் பல மடங்கை மாற்றுக் கருவிகளுக்குச் செலவழித்திருந்தார் என்பது இன்றும் எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆகவே கேபிள் சுருள் வாங்கும்போது கடையிலேயே ஒரு முனையைச் சுரண்டிப் பாருங்கள். நல்ல கடைக்காரர் மறுக்கமாட்டார். தூய செம்பில் கேட் 6 வாங்குங்கள். பத்து கிகாபிட் வேகத்தில் 100 மீட்டர் ஓட கேட் 6ஏ வேண்டும் என்றாலும், கேட் 6 கேபிளே 55 மீட்டர் வரை அதைத் தாங்கும். உங்கள் வீட்டுக்குள் எந்தத் தூரமும் அதைத் தாண்டாது. பூச்சுக்கு முன் சுவரில் பதிக்கும் குழாயை மின்கம்பிக் குழாயிலிருந்து தனியாகப் பதியுங்கள். 25 மி.மீ. குழாயில் நான்கு கேபிளுக்கு மேல் இழுக்க வேண்டாம். திருப்பங்களில் கூர்மையான எல்போ போடாமல் நீள வளைவாகப் போடச் சொல்லுங்கள். தம்பியின் மேசைக்கு இரண்டு கேபிள், மாடிக் கூடத்துக்கு இரண்டு கேபிள். இன்று ஒன்று போதும் என்று தோன்றினாலும் இரண்டாகவே இழுங்கள். கேபிள் முனையில் செருகியைப் பொருத்துபவரிடம், அதாவது கிரிம்ப் செய்பவரிடம், எட்டுக் கம்பியையும் போடச் சொல்லுங்கள். 100 மெகாபிட்டுக்கு நான்கு கம்பி போதும் என்பதால் சிலர் நான்கை மட்டும் கிரிம்ப் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும்.

‘மேனேஜ்டு’ கேள்விக்கு வருகிறேன். செருகினால் வேலைசெய்வது அன்மேனேஜ்டு. உலாவியில் ஒரு பக்கம் திறந்து சில அமைப்புகளை மாற்றக்கூடியது ஸ்மார்ட் அல்லது ஈசி ஸ்மார்ட் எனப்படுவது. அதற்கு மேலுள்ள முழு மேனேஜ்டு வகை அலுவலகங்களுக்கானது. உங்களுக்கு இடைப்பட்ட ஸ்மார்ட் வகையைப் பரிந்துரைக்கிறேன். எந்தப் போர்ட் எத்தனை வாட் இழுக்கிறது என்று திரையில் பார்க்கலாம். மாடத்தில் உறைந்துபோன கேமராவை ஏணி இல்லாமல் இங்கிருந்தே மின்சாரம் நிறுத்தித் திரும்ப எழுப்பலாம். கேபிளின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் யாராவது தெரியாமல் செருகிவிட்டால், தகவல் சுற்றிச் சுற்றிப் பெருகி வீட்டின் வலையமைப்பு முழுவதும் ஒரு நொடியில் முடங்கிவிடும். எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் படபடவென்று துடிப்பதுதான் அதன் அடையாளம். ஸ்மார்ட் வகைகளில் இருக்கும் லூப் தடுப்பு அந்தப் போர்ட்டை மட்டும் மூடிவிடும்.

விலேன் என்பதும் இதில் கிடைக்கும். ஒரே பெட்டியைப் பல தனிச் சுவிட்சுகளாகப் பிரிப்பது அது. கேமராக்களைத் தனி விலேனில் வைத்தால், அவை இணையத்துக்கும் போகாது, உங்கள் கணினிகளையும் தொடாது; மலிவான கேமராக்களின் மென்பொருளை நான் நம்புவதில்லை என்பதால் இந்தப் பிரிவினையை வற்புறுத்துவேன். ஆனால் பிரித்த விலேன்களுக்கு இடையே தேவையான தகவலைக் கடத்த ஒரு ரவுட்டர் வேண்டும். வீட்டு ஓஎன்டி பெட்டிகளில் பெரும்பாலும் அந்த வசதி இருக்காது. எனவே விலேன் முழுமையாகப் பயன்பட வேண்டுமானால் அதை ஆதரிக்கும் ரவுட்டர் ஒன்றையும் பின்னால் வாங்க நேரும். அதுவரை மற்ற பயன்களுக்காகவே ஸ்மார்ட் வகை தகும். வாங்கியவுடன் அதன் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள்.

வைக்கும் இடம் மாடிப்படியின் கீழாக இருந்தால் நல்லது. விசிறி இல்லாத பெட்டியானால் காற்றோட்டம் வேண்டும். மூடிய மர அலமாரிக்குள் 110 வாட் பிஓஇ பெட்டியை வைத்தால் கோடையில் வெந்துவிடும். விசிறி உள்ளது படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம்கூட வேண்டாம். காலியான போர்ட்களுக்கு ரப்பர் மூடி போடுங்கள். எறும்பும் பல்லிக்குஞ்சும் வெதுவெதுப்பைத் தேடி உள்ளே போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மின்சாரத்துக்குச் சிறிய யூபிஎஸ் ஒன்று அவசியம். வீட்டு இன்வெர்ட்டர் சாதாரண முறையில் மாறுவதற்குள் சுவிட்ச் அணைந்து எழுந்துவிடும். சுவிட்சும் அது ஊட்டும் கேமராக்களும் அக்சஸ் பாயின்ட்களும் உச்சத்தில் 75 வாட் இழுத்தாலும், 7 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள யூபிஎஸ் ஏறத்தாழ அரை மணி நேரம் தாங்கும். ஓஎன்டியையும் அதில் சேர்த்துவிடுங்கள். நாள் முழுவதுக்குமான சராசரி 50 வாட் என்று கொண்டால், இரு மாதத்துக்கு 72 யூனிட் ஆகும். தமிழக அரசு இலவசமாகத் தரும் யூனிட்டில் கணிசமான பகுதியை இதுவே எடுத்துக்கொள்ளும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இடி மின்னலையும் மறந்துவிடக் கூடாது. வெளிச்சுவரில் கேமராவுக்குப் போகும் கேபிள் குழாய்க்குள்ளேயே இருக்கட்டும். தோட்டத்துக் கொட்டகைக்கோ பக்கத்துக் கட்டடத்துக்கோ இணைப்பு வேண்டுமானால் செப்புக் கேபிளை அந்தரத்தில் இழுக்காதீர்கள். அங்கே ஃபைபர்தான் முறை. அதற்காகவே, ஃபைபரை இணைக்க உதவும் ஓரிரு எஸ்எஃப்பி துளைகள் உள்ள சுவிட்சாகப் பார்த்தால் பின்னால் உதவும்.

எல்லாவற்றையும் பொருத்திய அன்று, பகலிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். நான்கு கேமராக்களையும் ஒரே நேரத்தில் கறுப்புத் துணியால் மூடினால், இரவு என்று எண்ணி அகச்சிவப்பு விளக்குகள் எரியும். அந்த நேரத்தில் ஒருவர் சுவிட்சின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து மொத்த வாட்டைப் பார்க்கட்டும். பிறகு ஒவ்வொரு போர்ட்டும் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்க்கட்டும். கேமராக்கள் 100 என்று காட்டுவது இயல்பு. அக்சஸ் பாயின்ட்டோ கணினியோ நாஸோ 100 என்று காட்டினால், அந்தக் கேபிளின் இரு முனைகளையும் வெட்டி மறுபடி கிரிம்ப் செய்யச் சொல்லிவிட்டு, அதன் பிறகே வேலைக்காரருக்குப் பணத்தைக் கொடுங்கள்.